சகலன் என்று சொன்ன குற்றம்

பெப்ரவரி 3, செவ்வாய்

மூடுபனி. எதிர்வீட்டுப் பால்கனி தெரியவில்லை. முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து பதினோராம் நாள். எழுபது பாகை மடிகிறது. தொண்ணூறு வரவேண்டும் என்கிறாள் ஃபிசியோப் பெண். வரும்போது வரட்டும்.

ஜெ. ஐந்தரைக்கே எழும்பி, எனக்கு அந்த இறுக்கக் காலுறையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். கால் விரலிலிருந்து தொடைவரை மல்லுக்கட்டி இழுத்தாள். ஒரு வார்த்தை இல்லை. இருபத்தாறு வருடம் கட்டிய மனைவி.

காரணம் தெரியும். நேற்று லாங்கன்தால் ஃபோன் எடுத்தது. கடையை மூடுகிறதாம். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். 14ஆம் திகதி சனிக்கிழமை கடைசி நாள். "எல்லாரும் ஒருக்கா வந்து நில்லுங்கோவன்" என்று ஜெ.யிடம் சொன்னதாம். என்னிடம் சொல்லவில்லை. நான் போகமாட்டேன் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

லாங்கன்தால் என்று நான் எழுதுவது அந்தச் சுவிஸ் ஊரை அல்ல. அங்கே தமிழ்க் கடை நடத்தும் ஜெ.யின் அண்ணனை. ஆறு வருடமாக இந்த வீட்டில் நான் அவரைச் சொல்வது அப்படித்தான்.

மருத்துவ விடுப்பு இன்னும் நாலு வாரம். பகல் முழுக்க நானும் மாமியும். ஜெ.யின் தாய், எழுபத்துநாலு வயது, தலைக்கு மை, காலையில் செபமாலை, பிறகு டிவி. தமிழ்த் தொடர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டா. நேற்று ரிமோட்டில் எதையோ அமத்த, ஒரு சீனத் தொடர் வந்து நின்றது. பழங்காலம். பின்னல் போட்ட ஆண்கள். முற்றம் நிறையக் கரிய சாடிகள். சோயாச் சாறு புளிக்க வைத்து விற்கும் குடும்பம், மூன்று தலைமுறை, முப்பத்தாறு பகுதி. பேச்சு சீனம், கீழே எழுத்து ஜேர்மன்.

"தம்பி, இது எங்கட கடை மாதிரியெல்லோ கிடக்கு. என்ன சொல்லுகினம்?"

"எனக்குக் கால் நோகுது மாமி."

"வாயுமோ நோகுது?"

பெப்ரவரி 4, புதன்

அதே பனி. காலுறை, மௌனம், கோப்பி.

மொழிபெயர்ப்பதற்கு மாமியின் சட்டங்கள்:
- சுருக்கிச் சொல்லக்கூடாது.
- அழும்போது நிறுத்தக்கூடாது.
- "ஏதோ சொல்லுறான்" என்று சொல்லக்கூடாது.
- தேத்தண்ணி இடைவேளை மாமி சொல்லும்போது மட்டும்.

பதினெட்டு வருடமாக முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிறேன். அங்கேகூட இப்படி ஒரு மேற்பார்வை இல்லை.

இரண்டாம் பகுதியில் கடையைத் தொடங்கிய பெரியவர் செத்துப்போகிறார். அவருடைய மகனும், மகளைக் கட்டிய மருமகனும் பிரேதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். இனி இந்த இரண்டு பேரும்தான் கடையை நடத்தவேண்டும். மகன் திரும்பி மற்றவனைக் கூப்பிடுகிறான். எழுத்தில் 'ஷ்வாகர்' என்று வருகிறது.

இந்த ஜேர்மன்காரனுக்கு மனைவியின் அண்ணனும் ஷ்வாகர், தங்கையின் கணவனும் ஷ்வாகர், மனைவியின் தங்கையைக் கட்டியவனும் ஷ்வாகர். எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறான். எங்களுக்கு மச்சான் வேறு, சகலன் வேறு. இங்கே சொல்லவேண்டியது மச்சான். தொண்டைவரை வந்தது. ஆறு வருடமாகச் சொல்லாத சொல். அதுவும் மாமியின் முன்னால், மாமியின் மகனைக் கூப்பிட்ட சொல். வாய் தானாகச் 'சகலன்' என்றது.

சகலன் என்றால் இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியிருக்கவேண்டும். மாமி விடுவாவா?

"அப்ப ரெண்டுபேற்ற பெண்சாதிமாரும் சகோதரியளோ?"

"ஓம்."

"செத்த மனுசன் ஆருக்குத் தேப்பன்?"

"அந்த ரெண்டு பொம்பிளையளுக்கும்."

"அப்ப இவன் ஏன் முன்னுக்கு நிண்டு அழுறான்?"

"மூத்த மருமோன் மாமி."

ஒரு சொல்லால் மகனை மருமகனாக்கிவிட்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதை ஏன் மறைக்கவேண்டும்? நீயும் வந்தவன்தான் ராசா, நில்லு.

"மூத்தவள் எங்க? காணேல்லை."

"சுகமில்லை மாமி. வேற ஊரில இருக்கிறா."

"ஐயோ பாவம். பேரென்ன?"

"லீ."

பெப்ரவரி 5, வியாழன்

பனி விலகி வெயில் போல ஏதோ. ஃபிசியோ. எழுபத்துநாலு பாகை. பஸ்ஸில் ஒருத்தரும் எழும்பி இடம் தரவில்லை. ஊன்றுகோல் அவர்களுக்கு அலங்காரம் போல.

ப. 5, 6, 7. தங்கைக்காரி (என் கணக்கில் இளைய மகள், உண்மையில் ஒரே மகள்) அண்ணனை 'ப்ரூடர்' என்று கூப்பிடுகிறாள். நான் 'அத்தான்' என்றேன். அக்காவின் கணவன் அத்தான்தானே, பொருந்துகிறது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அரை மணித்தியாலம்தான். ஏழாம் பகுதியில் அவள் கையிலிருந்த அகப்பையால் அவனுடைய முதுகில் ரெண்டு போட்டாள்.

"அத்தானுக்கு இப்பிடி அடிப்பாளோ?"

"சீனாவில அப்பிடித்தான் மாமி."

மாமி என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை.

பின்னேரம் இன்னொரு பிரச்சினை. "தம்பி, அவன் இவனைக் கூப்பிடேக்க எல்லாம் 'மேய்ப்பு, மேய்ப்பு' எண்டுறான். மேய்ப்பன் எண்டோ? இவையள் வேதக்காரரோ?"

நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஓம், 'மெய்ஃபு' போல ஒன்று. ஃபோனில் தேடிப் பார்த்தேன். தங்கையின் கணவனைக் கூப்பிடும் சொல்லாம். சீனனிடம் சரியான சொல் இருக்கிறது. எங்களிடமும் இருக்கிறது. நடுவில் நிற்கும் ஜேர்மன்தான் சாக்கு. இல்லை, நான்தான்.

"அது சீனாவில மரியாதைச் சொல்லு மாமி" என்றேன்.

ஜெ. நாலு மணிக்கு வந்தாள். பாண், பால், என் குளிசை. "அம்மா 14ஆம் திகதி போறா. அண்ணை கார் கொண்டு வந்து ஏத்துவார்." சுவருக்குச் சொன்னதுபோலச் சொன்னாள். சுவர் ஓம் என்றது.

பெப்ரவரி 7, சனி

ஈரப் பனி. விழுந்த உடனே சேறு. ஜெ.க்கு இன்றும் வேலை.

டிவியைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மாமி கோபத்தில் அறைக்குள். இரண்டு பெண்களும் பேசாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டிதான் சத்தம் போடுகிறது.

நடந்தது: ப. 14. பட்டணத்திலிருந்து ஒரு பெரிய வியாபாரி வருகிறான். சாடிகளைப் பார்த்து, இதெல்லாம் ஆர் கவனிக்கிறது என்று கேட்கிறான். மருமகன்தான் இரவுபகலாகக் கவனிக்கிறவன். மழை வந்தால் ஓடிப்போய் மூடி போடுகிறவன், விரல் விட்டு நக்கிப்பார்த்து எந்தச் சாடி எத்தனை மாதம் என்று சொல்கிறவன். மகன் சொல்கிறான்: "அவர் எங்களுக்கு உதவியாள்." மருமகனின் முகத்தைக் காட்டினார்கள். நான் ரிமோட்டை எடுத்து அமத்தினேன்.

இதை ஒருநாளும் எழுதவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

கடையை மாமா தொடங்கினார். அவருடைய பெயர்தான் பலகையில். அவர் போன பிறகு லாங்கன்தாலும் நானும். பதினொரு வருடம். வெள்ளி, சனி நான் முழுநாள். சலவை வேலை முடித்து மற்ற நாட்களிலும் ரயில் ஏறிப் போவேன். மீன் பெட்டி நான்தான் உடைப்பது. பலாப்பழம் வெட்டுவது நான். எந்தச் சனம் எந்த அரிசி கேட்கும் என்று தெரிந்தவன் நான். ஒருநாள் ஒரு சுவிஸ் விற்பனையாளன் வந்தான், கோட்டும் பையும். என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டான். லாங்கன்தால் சொன்னது: "அவுஸ்ஹில்ஃப."

அவுஸ்ஹில்ஃப என்றால் ஆள் குறைந்தால் கூப்பிடும் கையுதவி ஆள். பள்ளி விடுமுறையில் பெட்டி அடுக்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது. நான் ஏப்ரனைக் கழற்றி மீன் பெட்டிக்கு மேலே போட்டுவிட்டு ஸ்டேசனுக்கு நடந்தேன். பின்னால் வந்து ஒருத்தரும் கூப்பிடவில்லை. அன்றைக்கு ஒரு சொல் வந்து கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன். சத்தியமாகத் திரும்பியிருப்பேன்.

ஜெ. அப்போதே சொன்னாள்: "அண்ணைக்கு ஷ்வாகர் எண்ட சொல்லுத் தெரியாது. அவற்ற டொச்சில மனுசரைச் சொல்ல இருக்கிற சொல்லே அவ்வளவுதான்." நம்பச் சொல்கிறாள். முப்பது வருடம் இந்த நாட்டில். கடலில் உள்ள மீனுக்கெல்லாம் டொச்சில், அதாவது ஜேர்மனில், பெயர் தெரிகிறது. தங்கச்சியின் புருசனுக்குத் தெரியாதாம்.

பெப்ரவரி 9, திங்கள்

மழை. எண்பத்தொரு பாகை. ஃபிசியோப் பெண் கைதட்டினாள். நான் தட்டவில்லை.

நேற்று ஜெ.யும் மாமியும் தமிழ்ப் பூசைக்குப் போய் வந்தார்கள். இன்று காலையில் காலுறை போடும்போது ஆறு நாளில் முதல் கேள்வி.

"ஆர் இந்த லீ?"

"என்ன?"

"அம்மா நேற்று மாதா சுருவத்தடியில மெழுகுதிரி கொளுத்தினவ. ஆருக்கெண்டு கேட்டன். லீயெண்டு ஒரு பிள்ளையாம், தூரத்தில வருத்தமாக் கிடக்காம், புருசன் எட்டிப் பாக்கிறானில்லையாம். உங்களுக்குத்தான் விபரம் தெரியுமாம்."

பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஜெ. வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது அவளுடைய தோள் ஆடியது. சிரிப்பா, கோபமா தெரியவில்லை.

ப. 19 - 22. 'ஷ்வாகர்' வரும் இடமெல்லாம் நான் இதுவரை சொன்னவை: சகலன், முதலாளி, பெரியவர், அண்ணை, டேய், இஞ்சேரும், ஒன்றுமில்லை (இருமினேன்). மாமி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறா.

"அவன் ஒரே சொல்லைத்தான் சொல்லுறான் தம்பி. மேய்ப்பு. நீர் ஒவ்வொருக்கா ஒவ்வொண்டு சொல்லுறீர். அந்தச் சொல்லில உமக்கு என்ன பிரச்சினை?"

"ஜேர்மன் அப்பிடி மாமி."

"ஜேர்மனோ, நீரோ?"

காதில் மெஷின் போட்டிருக்கும் மனுசி. பாத்திரம் விழுந்தால் கேட்காது. இதெல்லாம் கேட்கும்.

பெப்ரவரி 11, புதன்

வானிலை கவனிக்கவில்லை.

ப. 27. கதை முறுகிவிட்டது. மருமகன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில். மகன் சாடிகளுக்கு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு பேரும் வீம்பு. மருமகனின் மனைவி, அதாவது மகனின் தங்கை, நடு முற்றத்தில் நிற்கிறாள். மழை பெய்கிறது, சாடிகள் திறந்து கிடக்கின்றன. மூடுவதற்கு ஒருத்தரும் இல்லை. அவள் புருசனைப் பார்த்து ஏதோ கேட்டாள். கீழே இரண்டு வரி எழுத்து வந்தது.

வாசித்தேன். சொல்ல முடியவில்லை. என் கதையில் அங்கே முதுகு காட்டி நிற்பவன் அவளுக்கு அத்தான். அத்தானுக்காக இந்த வசனத்தை ஒருத்தியும் பேசமாட்டாள். எந்தப் பொய்யைப் போட்டாலும் பொருந்தாது.

"என்ன சொல்லுறாள்?" மாமி.

நிறுத்தும் பொத்தானை அமத்தினேன். எழுத்து திரையில் அப்படியே நின்றது.

"தம்பி, என்ன சொல்லுறாள் பிள்ளை?"

பின்னாலிருந்து பதில் வந்தது. ஜெ. எப்போது வந்தாளோ தெரியாது. நனைந்த கோட், கையில் பை, சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"அவர் என்ர அண்ணை. நீங்கள் என்ர மனுசன். நான் எந்தப் பக்கத்தில நிக்கிறது?"

வாசிப்பதுபோலத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது திரையைப் பார்க்கவில்லை. பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். ஒன்றும் கழுவவில்லை, தண்ணீர் மட்டும் ஓடியது.

ஆறு வருடத்தில் அவள் ஒருதரம்கூட என்னிடம் இதைக் கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று நான் நினைத்திருந்தேன். நத்தார்ப் பண்டிகைக்குத் தனியாக ரயிலில் லாங்கன்தால் போய்வருவாள். நேரம் சென்று வந்து, ரயில் பிந்திவிட்டது என்பாள். ரயில் ஒவ்வொரு வருடமும் பிந்துமா? நான் மடையன்.

மாமி மெதுவாகக் கேட்டா:

"அண்ணையோ? அப்ப அவன் மருமோன் இல்லையோ?"

"இல்லை மாமி. மகன்."

"அப்ப லீ?"

"அப்பிடி ஒரு ஆள் இல்லை மாமி."

"இல்லையெண்டால்? செத்துப்போனாளோ?"

"பிறக்கவே இல்லை."

மாமி செபமாலையை எடுத்துப் பார்த்தா. "நான் ஒன்பது நாள் செபம் தொடங்கியெல்லோ விட்டன்" என்றா.

பெப்ரவரி 12, வியாழன்

குளிர் காற்று, யன்னல் அடித்தது. தண்டனை வந்துவிட்டது: முதல் பகுதியிலிருந்து திரும்பப் போடவேண்டுமாம். இந்தமுறை சரியான சொல்லோடு.

"இருபத்தேழு பகுதி மாமி!"

"ஆர் பிழை விட்டது?"

ப. 2. பிரேதம். மகன் திரும்பினான். மெய்ஃபு. மாமி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா, டிவியை அல்ல.

"மச்சான்" என்றேன்.

தேத்தண்ணி குடித்தேன். மாமி திரையின் பக்கம் திரும்பினா. பிறகு ஒவ்வொரு தரமும் வந்தது. ஒரு பகுதியில் பதினாலு மச்சான். டிவிக்குச் சொல்வது சுகம், அது திரும்பிக் கதைக்காது.

இரவு ஜெ.யிடம்: "சனிக்கிழமை மாமியை ஏத்த வரேக்க, கீழ நிக்காமல் மேல வரச் சொல்லும்."

"ஆரை?"

"லாங்கன்தாலை."

"ஊர் மேல வராது" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

பெப்ரவரி 14, சனி

வெயில். நல்ல வெயில், ஆனால் மைனஸ் நாலு.

ஜெ.க்குக் காலை வேலை. பகல் முடித்து அங்கிருந்தே நேரே லாங்கன்தால் ரயில் எடுப்பாளாம். ஆறு மணிக்கு விழித்தேன், ஆள் இல்லை. காலுறை மேசையில் மடித்து வைத்திருந்தது. மறந்தாளா, வேண்டுமென்றா? மடித்த விதத்தைப் பார்த்தால் மறந்ததுபோல இல்லை.

நானே போட்டுப் பார்த்தேன். எண்பத்தைந்து பாகையோடு கை பெருவிரலுக்கு எட்டாது. கரண்டியால் முயன்றேன். கரண்டி கட்டிலுக்கு அடியில் போனது. மாமிக்குக் குனிய முடியாது. காலுறை இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று டொக்டர் சொன்னது. சரி, நல்ல சாட்டு, போகத் தேவையில்லை. அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே சவரம் செய்து, நல்ல சேர்ட்டும் போட்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கீழே மணி அடித்தது. மாமி கோட் போட்டு, கைப்பையை மடியில் வைத்து, கதிரையில்.

"நீர் எடும். எனக்குக் காது கேக்காது."

ஊன்றுகோலோடு போய் வாசல் ஃபோனை எடுத்தேன்.

"ஆர்?"

யாரோ செருமினது கேட்டது. பிறகு, "நான்."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தேன். "மச்சான், மேல வா. ரெண்டாம் மாடி" என்றேன். பதில் இல்லை. திரும்பவும் இல்லை. உள்ளுக்குள் கொதித்தது, பார் இவனுடைய திமிரை என்று. அப்போதுதான் கண்டேன், பேசும் பொத்தானில் என் விரல் இல்லை. ஆறு வருடத்துச் சொல்லைச் சுவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பொத்தானை அமத்தித் திரும்பவும் சொன்னேன். இரண்டாம் முறை குரல் உடைந்துபோனது. பின்னால் மாமி மூக்கைச் சீறினா.

படியில் வந்தான். லிஃப்ட் இருக்கிறது, ஏன் படி என்று கேட்கவில்லை. மூச்சு வாங்கியது. தாடி முழுக்க நரைத்துவிட்டது. ஜெ. ஃபோட்டோ காட்டும்போதெல்லாம் நான் பார்க்காததன் பலன், யாரோ கிழவன் போல இருந்தான். வாசலில் நின்று தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் வெறுங்காலைப் பார்த்தான். மேசையில் இருந்த காலுறையையும் பார்த்தான்.

"இதோ போடுறது?"

"ஓம். அது லேசில ஏறாது."

"இரு."

கட்டில் விளிம்பில் என்னை இருத்தி, தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். மீன் பெட்டி உடைத்த அதே தடித்த விரல்கள். குதிக்காலில் மாட்டியது, சுருக்கி எடுத்துத் திரும்ப இழுத்தான். தையல் போட்ட இடம் வந்ததும் கையை மெதுவாக்கினான். மேலே பார்க்கவில்லை. காலுறைக்குள் பேசுவதுபோலச் சொன்னான்:

"அண்டைக்கு அந்த வெள்ளைக்காரன் கேக்கேக்க... எனக்கு டொச்சில அந்தச் சொல்லு வரேல்லையடா."

நம்பினேனா? தெரியாது. நானும் ஒரு கிழமையாக அந்தச் சொல் வராமல் ஒரு பெண்ணைப் பெற்று, நோயாளியாக்கி, மெழுகுதிரி கொளுத்த வைத்தவன்தான்.

நானும் கடைக்கு வருகிறேனா என்று அவன் கேட்கவில்லை. இரண்டு சப்பாத்தையும் எடுத்து வந்து, ஒவ்வொன்றாகப் போட்டு, கயிற்றைக் கட்டினான்.

"இறுக்கமோ மச்சான்?"

"இல்லை" என்றேன்.

சரியான இறுக்கம்.